கோழிக்கால் அடையாளம்

மாதத்தில் ஒருநாள் சென்னை டாக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அம்புஜவல்லி அத்தையிடம் அனுமதி கேட்பார்கள். விருத்தாசலத்தில் வேறு யாருக்கும் அந்த யோகம் கிடையாது. எங்கள் வார்டு கவுன்சிலருக்கே கிடையாது.

அத்தை பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பிசிறு எடுப்பவர். அச்சிலிருந்து பிரித்த பொம்மையில், இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிள்ளையாருக்கு ஆபரேஷன் செய்து தையல் போட்ட மாதிரி இல்லாமல் ஆக்கவேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடிக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுப்பார். அந்தப் பக்கம் இங்கிலீஷும் தமிழுமாக வெகுநேரம் பேசுவார்கள். கடைசியில், "அம்புஜவல்லி அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார்கள்.

"குடுக்கலாங்க" என்பார் அத்தை.

அவ்வளவுதான் கூட்டம்.

கொடுப்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிற விவரத்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் இருந்து ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்து பீங்கான் பேட்டையில் முகாம் போட்டார்கள். ஒரே தூசியில் ஒரே வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருத்தருக்கு மட்டும் நுரையீரல் ஏன் கெட்டுப்போகிறது, அதற்கான காரணம் பிறக்கும்போதே மரபணுவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். வேலை செய்கிறவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அதிலிருந்து படித்த விவரத்தையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார்கள். உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரரும் அதைக் கேட்கலாம். ஆனால் கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. யாருக்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. அந்தக் கமிட்டியில் ரத்தம் கொடுத்தவர்களில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று விதி.

ஆள் பொறுக்கிய அன்றைக்குச் சங்கக் கொட்டகையில் பாண்டியன் மாமாதான் சொன்னார். அவர் சூளையில் சரக்கு அடுக்குகிறவர்.

"பேசற ஆள அனுப்பனா எதுனா பேசி வச்சிரும். அம்புஜம் போவட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை எதுவும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன், அதற்குமேல் அதில் ஏதாவது இருந்தால் தெரியாது.

விஷயம் புரியாததால்தான் அத்தை எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறார் என்று கம்பெனியில் பேச்சு. புரியாமல் இல்லை. அந்த ரத்த விவரத்துக்குள் தமிழ்மணி இருந்தான்.

தமிழ்மணி அத்தையின் மகன். எங்களுக்கு அடுத்த வீடு, என் வயசு. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வியாதி. அம்மா வழியில் வருமாம், ஆண்பிள்ளைகளைத்தான் பிடிக்குமாம். ஒன்பது வயசில் நடை போனது, அப்புறம் கை. வாய் மட்டும் கடைசிவரைக்கும் போகவில்லை. ஜங்ஷனில் சக்கர நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போவேன். ரயில்வே அறிவிப்புப் பெண்மணியின் குரலில் அவன் மூக்கால் ஆரம்பிப்பான்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." ஒருமுறை ஒரு கல்யாண கோஷ்டி சீர்வரிசைத் தட்டோடு மூன்றாம் பிளாட்பாரத்துக்கு ஓடியது. மாப்பிள்ளை முன்னால் ஓடினார். முகாமில் ரத்தம் எடுத்த நர்ஸிடம், "இன்னும் ரெண்டு டியூப்பு எடுத்துக்குங்கக்கா, எனக்கு அது சும்மாதான் இருக்குது" என்றான்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் செத்துப்போனான்.

அத்தை அழவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்தார். பலகையில் காத்திருந்த பிள்ளையார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிசிறு தட்டினார். அப்புறம் சாப்பிட்டார். என்ன குழம்பு என்று யாரோ கேட்டதற்கு டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அப்படியே இருந்துவிட்டார். மாதாமாதம் போனில், "இந்த விண்ணப்பத்துல உங்க வீட்டு ரத்த மாதிரியும் சேருதும்மா, பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். "குடுக்கலாங்க."

ஒரே ஒரு தடவை, நான் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தபோது, கையில் இருந்ததைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கியோ யாரோ ஒருத்தரு அவன பாத்துக்கினே இருக்காங்கடா."

நான் ஏதாவது கிண்டல் செய்திருக்கவேண்டும். அன்றைக்கு அந்தப் பொம்மைக்கு இன்னொரு சுற்று வைக்கோல் சுற்றினேன்.

எங்கள் பேட்டையில் சின்னக் கம்பெனிகளுக்குத் தனிச்சூளை கிடையாது. எல்லார் சரக்கும் ஒரே பொதுச்சூளையில்தான் வேகும். வெந்து வெளியே வரும்போது ஊரிலிருக்கிற பிள்ளையாரெல்லாம் ஒரே முகமாக இருப்பார்கள், யார் வேலை எது என்று சண்டை வரும். அதனால் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொருத்தரும் அடியில் தங்கள் வீட்டு அடையாளத்தைக் கீறிவிடுவார்கள். பாண்டியன் மாமா குடும்பத்துக்குப் பிறை. பேக்கிங் லீமா அக்காவுக்குச் சிலுவை. அச்சு ஊற்றுகிற தங்கராசுக்கு ஏணி. அத்தைக்குக் கோழிக்கால், மூன்று கோடு, கீழே ஒரு குச்சி. அடையாளம் போடாத பொருளைச் சூளைக்காரர் கையால் தொடமாட்டார்.

முகாமில் ரத்தக் குழாய்களின்மேல் ஏதோ நம்பர் ஒட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை பேர் ரத்தத்தை ஒரே பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறான், மாறிப்போனால்? பேனாவை வாங்கி ஆளாளுக்குத் தங்கள் அடையாளத்தைக் குழாய்மேல் போட்டுவிட்டார்கள். விவரம் பதியத் தற்காலிகமாக வந்த பெண் உள்ளூர்க்காரி, ரொம்பப் பொறுப்பு. நம்பருக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்றிருந்த கட்டத்தில் பிறை, சிலுவை, ஏணி, கோழிக்கால் என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒன்று விடாமல் அடித்து வைத்தாள். யாரென்று தெரியக்கூடாது என்று சென்னையில் பெயரை நீக்கினார்கள், விலாசத்தை நீக்கினார்கள். குறிப்புக் கட்டத்தை மட்டும் ஏதோ குழாய்க்கணக்கு என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். கோழிக்கால் என்பது கேரளா பக்கம் ஏதோ ஊராக இருக்கும் என்றுகூட ஒருத்தர் நினைத்தாராம்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, டி.வி.யில் கூட்டம் போடப்போகிறார்கள் என்பது மட்டும்தான்.

கமிட்டிக் கூட்டத்துக்குத் தனி அறையில் உட்காரவேண்டும், பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். கம்பெனியில் தனி அறை என்றால் கக்கூஸ்தான். அதுவும் தவிர, கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிற பொம்பளை என்று ஒரு வாரத்தில் பக்கத்து ஊர் நல்லூர் வரைக்கும் செய்தி போய்விடும். அதனால் எப்போதும் பேக்கிங் கொட்டகையில், எங்கள் நடுவில்தான் பேசுவார். முதலாளி ராஜமாணிக்கத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. இந்தச் சித்திரையில் ஒருநாள் அத்தையின் போனை வாங்கி, கண்காணிப்புக் கேமரா பார்க்க வைத்திருந்த பெரிய டி.வி.யில் வயரால் இணைத்து, திருப்பி அத்தை கையில் கொடுத்தார்.

"நம்ம கம்பெனி ஆளு டாக்டருங்களுக்கு உத்தரவு போடுது. எல்லாரும் வந்து பாருங்கடா."

சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்கார்ந்தோம். திரையில் டாக்டர் அருள்ஜோதி வந்தார். கமிட்டியை நடத்துவது அவர்தான். தசை வியாதிக்கு மருந்து தேடுகிற ஒரு குழு கேட்டிருக்கிறது, நம்மிடம் பொருத்தமான ஒரு குடும்பம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத சிலரையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்றார்.

"என்ன போகப்போகுதுன்னு ஒரு சாம்பிள் காட்டறேன். பேரெல்லாம் எடுத்தாச்சு. இது யாருன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

திரையில் கட்டம் கட்டமாக வந்தது.

"ஏய், ஏணி!" என்றார் லீமா அக்கா. "தங்கராசு, உன் ஏணிடா!"

"டி.வி.ல வந்துட்டண்டா!" என்று தங்கராசு எழுந்து நின்றான்.

"பிறை பாரு, பாண்டியன் மாமா."

"எங்க, எங்க? முகாமுல சொன்ன வயசு கூட கரெக்டா போட்டுக்கினு இருக்கான்."

"கோழிக்கால்! அம்புஜம் அக்கா, உன்னுது மூணு இருக்குது!"

மூன்று வரி. கோழிக்கால், பெண், நாற்பத்துநான்கு. கோழிக்கால், பெண், இருபது. கோழிக்கால், ஆண், பதினைந்து. முதல் இரண்டு சிவப்பு. மூன்றாவது தடித்த கறுப்பு.

எங்கள் பக்கத்துச் சத்தம் சென்னைக்குக் கேட்காதபடி மைக்கை அணைத்து வைத்திருந்தார் முதலாளி. டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்: "சிவப்புல இருக்கறவங்க நோயைக் கடத்தறவங்க. அவங்களுக்குப் பெருசா எதுவும் வராது. ஆனா ஆண்குழந்தை பிறந்தா, பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அதற்குப் பிறகு யாரும் மெல்லவில்லை.

வாசலில் ப்ரியா அக்கா நின்றிருந்தார். சண்முகப்ரியா, அத்தையின் மகள், தமிழ்மணிக்கு மூத்தவர். பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறார். அன்றைக்கு லீவு, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். முகாமிலேயே கேட்டார்கள்: உனக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விருப்பமா? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். நல்லூரில் இருந்து பெண் பார்த்துவிட்டுப் போய், அடுத்த முகூர்த்தத்தில் பூ வைப்பதாகப் பேச்சு. தம்பி எப்படிச் செத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். இது தெரியாது. ப்ரியா அக்காவுக்கே தெரியாது, அந்த நிமிஷம் வரைக்கும்.

டிபன் டப்பாவை அத்தை பக்கத்தில் வைத்தார்.

"சாப்புடும்மா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அம்புஜவல்லி அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றது டி.வி.

முதலாளி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். டி.வி. அணைந்தது. அத்தை கையில் இருந்த போன் மட்டும், "லைன்ல இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த நாளில் இருந்து எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. லீமா அக்கா மீன்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். பாண்டியன் மாமா அத்தையின் பலகையை அவரே தூக்கிப்போய்ச் சூளையில் வைத்தார். தங்கராசுவின் மனைவிக்குப் பிறந்த வீடு நல்லூர். அவன் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். யாரும் கேட்காதபோதே செய்தான்.

நல்லூரில் இருந்து மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தராசு ஒருநாள் போன் செய்தார். "அங்க மழ எதுனா பேஞ்சிச்சா?" என்று கேட்டார். "இல்லிங்க" என்றார் அத்தை. "இங்கயும் இல்ல. சரி, வச்சிடட்டுமா?" வைத்துவிட்டார். பூ வைக்கிற பேச்சு எடுக்கவில்லை, அப்புறம் போனும் அடிக்கவில்லை.

அத்தையே சென்னைக்குப் போன் செய்து சொன்னார்: "எங்க அடையாளம் உள்ள இருக்குதுங்க." அன்றைக்கே யாருக்கும் எதுவும் கொடுக்காமல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அந்த வாரமே டாக்டர் அருள்ஜோதி ரயிலேறி வந்தார். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் சேரை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன், போட்ட இடத்திலேயே கதவோரமாக நின்றுகொண்டேன். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அத்தை தலையாட்டினார், யாரோ பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்ட மாதிரி.

"என்னோடத எடுத்துடுங்க" என்றார் ப்ரியா அக்கா.

"எடுத்துடலாம்மா. அது உங்க உரிமை. எல்லார் அடையாளத்தையும் எடுத்துட்டோம். ஆனா ஒண்ணு சொல்லணும்." டாக்டர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த பேட்டையில, இந்த வயசுல, இந்த நோயோட ஒரு பையன்தான். அடையாளம் இல்லன்னாலும் தம்பி யாருன்னு ஊர்ல தெரியும். அவரு உள்ள இருந்தா, அத வச்சு அக்காவுக்கும் இருக்கும்னு யாராவது எப்பவாவது..."

"அப்ப அவனோடதும் எடுத்துடுங்க."

"அதுக்கு அம்மா சம்மதிக்கணும்."

ப்ரியா அக்கா அம்மா பக்கம் திரும்பவில்லை. அத்தை எழுந்து, "டீ குடிங்க" என்று அடுப்படிக்குப் போனார். டாக்டர் டீயைக் குடித்தார். நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தை வைத்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு கல்லைச் சுற்றி நடப்பதுபோல அந்தக் காகிதத்தைச் சுற்றி நடந்தார்கள். சுவர் ஒன்றுதான், எங்கள் வீட்டுக்கு எல்லாம் கேட்கும்.

"அவன் செத்துட்டாம்மா. நானு இருக்கறன்."

"தெரியும்."

"தெரிஞ்சா போடு."

"போடறன்."

"எப்ப?"

"சட்டிய கழுவிட்டு."

சட்டி கழுவினார். கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் சட்டி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுத் தரச்சொல்லி அத்தை என்னைக் கூப்பிட்டார். ப்ரியா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அவன இதுவரிக்கும் யாருக்கிட்டலாம் குடுத்தோங்க?" என்று கேட்டார் அத்தை.

"ஆறு இடத்துக்கும்மா."

"எங்கெங்க?"

டாக்டர் சொல்லச்சொல்ல அத்தை திருப்பிச் சொன்னார். பெங்களூரு. புனே. டெல்லி. லண்டன். இன்னொன்று வாயில் நுழையாத ஊர், அதை இரண்டுமுறை கேட்டும் பாதிதான் சொன்னார். ஜப்பான்.

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தவுர அவன் எங்கயும் போனதில்ல" என்றார்.

ப்ரியா அக்கா கையில் ஒரு சட்டை பாதி மடிந்தபடி நின்றது.

அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காகிதத்தை எடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். தன்னுடையது, மகனுடையது. பிறகு ப்ரியா அக்காவிடம் பேனாவை நீட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் முற்றத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாததால், ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தசை வியாதிக் குழுவுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அவர்கள் வேறு ஊரில் தேடப்போய்விட்டார்கள். ப்ரியா அக்காவுக்கு ஒரு பையன் பிறந்தால் அந்த மருந்து அவனுக்கு வேண்டியிருக்கலாம் என்பதும் அத்தைக்குத் தெரியும். கமிட்டியில் இருந்து அவரை விடவில்லை. முதலாளி அச்சுக் கிடங்கைக் காலி செய்து, உள்ளே ஒரு நாற்காலி போட்டு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். இப்போது அத்தை உள்ளே போனால், வெளியே நாங்கள் சத்தமில்லாமல் சாப்பிடுகிறோம். 'குடுக்கலாங்க' கேட்கிறதா என்று காது வைத்துப் பார்த்தேன். கிடங்கில் இருந்து எதுவும் கேட்காது, நல்ல கதவு.

ஆறு இடத்துக்கும் கடிதம் போனது. ஐந்து இடத்தில் இருந்து அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஜப்பானில் இருந்து வந்ததை மட்டும் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று டாக்டர் ஒரு காலையில் போன் செய்தார். அத்தை என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச்சொன்னார். ப்ரியா அக்கா கடைக்குக் கிளம்பிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க கிட்ட இருந்த விவரத்தை அழிச்சுட்டாங்கம்மா. ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து ஒரே முடிவா போட்டது. அதுல தமிழ்மணியும் கலந்துட்டாரு. இப்ப தனியா பிரிச்சு எடுக்க முடியாது. நீங்க கூடாதுன்னு சொன்னா, அவரு இல்லாம முழுசும் மறுபடி செய்யச் சொல்லி கமிட்டி கேக்கும்."

அத்தை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அதுல நானு இருக்கனா?" என்றார் ப்ரியா அக்கா, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு.

"இல்லம்மா. அதுல நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல."

"அவன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது. அவங்களுக்கே தெரியாது."

ப்ரியா அக்கா பின்னை எடுத்துக் காதோரம் சொருகினார். பின்னலை முதுகுக்குப் போட்டார். பையை எடுத்தார்.

"அப்ப உடுங்க. அவம்பாட்டுக்கு கெடந்துட்டுப் போறான்."

"அம்புஜவல்லி அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அத்தை மகளைப் பார்த்தார். மகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவ சொல்றதுதாங்க" என்றார் அத்தை.

"போயிட்டு வரேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு ப்ரியா அக்கா படியிறங்கினார்.